நம்ம வீட்டு வண்டிக்கு என்ன பேப்பர் இருக்கு?



போன கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தோம். வீட்டில் சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் ஆர்.சி. புக்கையும் இன்சூரன்ஸ் பேப்பரையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொன்னோம். பிக்கப் வைத்திருப்பவர்கள், குட்டி யானை வைத்திருப்பவர்கள், பழைய லாரி வைத்திருப்பவர்கள் என்று பல பேர் கொண்டு வந்தார்கள். சிலர் பேப்பரைத் துணிப்பையில் மடித்து மடித்து வைத்ததில் எழுத்தே அழிந்து போயிருந்தது. எல்லாவற்றையும் பாயில் பரப்பி, படித்த பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பார்த்து முடித்தபோது பல பேர் முகம் வாடிவிட்டது.

"வருசா வருசம் இன்சூரன்ஸ் கட்டுறோமே, அதுல எல்லாம் வந்துடும்னு இல்ல நினைச்சோம்" என்றார் ஒரு அக்கா. அந்த நினைப்பு சரியில்லை என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பேசப் போகிறோம்.

எங்களுக்கு இது தெரிய வந்ததே ஒரு நஷ்டத்தில்தான். நம் உறுப்பினர் ஒருவர் கடன் வாங்கி மகனுக்குப் பிக்கப் எடுத்துக் கொடுத்தார். பையன் நல்ல ஓட்டுநர், குடிப்பழக்கம் இல்லை, தவணை ஒரு மாசம் கூடத் தவறவில்லை. ஒரு நாள் புளி ஏற்றிக்கொண்டு திருப்பத்தூருக்கு இறங்கும்போது ஸ்டியரிங் பக்கத்தில் கருகுகிற வாசனை. நிறுத்திப் பார்ப்பதற்குள் புகை. வண்டியில் தீயணைப்பான் இல்லை. அந்த வளைவில் போன் டவரும் இல்லை. பையன் இறங்கி நின்று வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது. உயிர் பிழைத்தானே, அதுவே பெரிசு. ஆனால் பேப்பரை எடுத்துப் பார்த்தால் அதில் இருந்தது மூணாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும். வண்டிக்கு ஒரு பைசா வரவில்லை. இரண்டு வருசத் தவணை பாக்கி இருந்தது. வண்டி எரிந்ததே தவிர கடன் எரியவில்லை.

இரண்டு வகை பேப்பர்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி ரோட்டில் ஓடும் எந்த வண்டிக்கும் மூணாம் நபர் காப்பீடு கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை ஜெயிலும் உண்டு. போலீஸ் கேட்பது இந்தப் பேப்பரைத்தான். அதனால்தான் பல பேர் இதை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

மூணாம் நபர் என்றால் யார்? நாம் முதல் ஆள். இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டாவது ஆள். நம் வண்டி மோதி அடிபடுகிற வழிப்போக்கர், எதிரில் வந்த பைக்காரர், இடிந்துபோன கடைச் சுவரின் சொந்தக்காரர், இவர்கள் எல்லாம் மூணாம் நபர். இந்தப் பேப்பர் அவர்களுக்குத்தான் பணம் கொடுக்கும். நம் வண்டி எரிந்தாலும் உருண்டாலும் திருடு போனாலும் இந்தப் பேப்பருக்கு அதில் வேலை இல்லை.

நம் வண்டிக்குச் சேர்த்துப் போடுவதைத்தான் ஊரில் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்கிறோம். பேப்பரில் 'பேக்கேஜ் பாலிசி' என்றோ 'காம்ப்ரிஹென்சிவ்' என்றோ இருக்கும். இதில் தீ, வெடிப்பு, வண்டி தானாகவே தீப்பிடிப்பது, இடி விழுவது, திருட்டு, கலவரம், வெள்ளம், விபத்து எல்லாம் அடங்கும். மலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது, மண் சரிவும் பாறை சரிவும் கூட இதில் அடக்கம்.

செலவு கூடும்தான். 2022-ல் அரசு நிர்ணயித்த கட்டணப்படி 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை சரக்கு வண்டிக்கு மூணாம் நபர் பிரீமியமே 16,049 ரூபாய், வரி தனி. அதற்கு மேல் இன்னும் கட்டு என்றால் வயிறு எரியத்தான் செய்யும். பழைய வண்டி, கடன் முடிந்துவிட்டது, விலையும் பெரிதாக இல்லை என்றால் மூணாம் நபர் மட்டும் போட்டு ஓட்டுவது அவரவர் கணக்கு. ஆனால் கடன் நிற்கிற வண்டிக்கு, அதுவும் குழுவில் நாலு பேர் பொறுப்பேற்று வாங்கிய கடன் என்றால், ஃபுல் இல்லாமல் ஓட்டவே கூடாது என்பது எங்கள் கருத்து. பிரீமியத்தையும் தவணையோடு சேர்த்து மாசத்துக்கு இவ்வளவு என்று குழுவில் சேமித்து வந்தால் வருசக் கடைசியில் திணற வேண்டாம்.

எவ்வளவு பணம் வரும்?

பாலிசியில் 'ஐ.டி.வி.' என்று ஒரு தொகை எழுதியிருக்கும். வண்டிக்குக் கம்பெனி போட்டிருக்கும் மதிப்பு அது. வருசம் ஆக ஆகக் குறையும். இரண்டு வருசம் தாண்டி மூன்று வருசத்துக்குள் இருக்கும் வண்டிக்கு 30 சதவீதம் கழிப்பார்கள். நாலு வருசம் தாண்டி ஐந்துக்குள் என்றால் பாதி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி விலை 8 லட்சம். இரண்டரை வருசம் ஆகிவிட்டது. 30 சதவீதம் போனால் ஐ.டி.வி. 5,60,000 ரூபாய். பழுது பார்க்கும் செலவு இதில் 75 சதவீதத்தை, அதாவது 4,20,000-ஐத் தாண்டினால் முழு நஷ்டம் என்று முடிவு செய்வார்கள். அப்போது ஐ.டி.வி. தொகை வரும், பாலிசியில் எழுதியுள்ள ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அது நேராக நம் கைக்கு வராது. ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் இருக்கிறதல்லவா? முதலில் அவருக்குப் போகும். கடன் 4 லட்சம் நின்றால் நமக்கு மிஞ்சுவது ஒன்றரை லட்சம் சுமார். பெரிய பணம் இல்லைதான். ஆனால் கடன் தீர்ந்துவிடும். இன்னொரு பழைய வண்டிக்கு முன்பணம் கட்டலாம்.

ஏஜெண்டு சில சமயம், "மதிப்பைக் குறைச்சுப் போட்டா பிரீமியம் குறையும்க்கா" என்பார். குறையும்தான். எரிந்தால் வருகிற பணமும் குறையும். அதை அவர் சொல்லமாட்டார்.

இன்னொன்று. வண்டியில் இருக்கும் லோடுக்கு இந்தப் பாலிசி பணம் தராது. சாமை மூட்டையோ, பலாப்பழமோ, வியாபாரியின் சரக்கோ எரிந்தால் அதற்குத் தனியாகச் சரக்குக் காப்பீடு இருக்க வேண்டும். டயர், விளக்கு, பம்பர், பெயிண்ட் போன்றவற்றுக்கும் சரக்கு வண்டிகளில் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் பாதி அளவுக்குக் கிடைக்கும்; முழு நஷ்டம் என்றால் மட்டும் அந்தக் கணக்கு வராது.

வண்டி யார் பேரில்?

பாயில் பரப்பிய பேப்பர்களில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். குழுக் கடன் என்பதால் பல வண்டிகள் நம் பெண்கள் பேரில் இருக்கின்றன. சந்தோசமான விசயம். ஆனால் ஓட்டுவது கணவரோ மகனோ.

பாலிசியில் 'ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பீடு' என்று ஒரு வரி வரும். 2018-ல் இதை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். வண்டி ஓட்டுபவர் இறந்தால் 15 லட்சம் வரும் என்று எல்லோரும் நம்பியிருக்கிறோம். அப்படி இல்லை. வண்டியின் உரிமையாளர் யாரோ அவருக்குத்தான் அது. அவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும். வண்டி மனைவி பேரில், ஓட்டுவது கணவர் என்றால் அந்த 15 லட்சம் கணவருக்குச் சேராது. மனைவிக்கு லைசென்ஸ் இல்லாததால் அவருக்கும் சேராது. அப்புறம் யாருக்குத்தான் அந்தப் பணம் கட்டினோம் என்று ஒரு தங்கச்சி கேட்டார். நியாயமான கேள்வி.

இதற்கு என்ன வழி? பாலிசி போடும்போதே, "ஓட்டப் போவது என் வீட்டுக்காரர், அவருக்கும் கிளீனருக்கும் விபத்துக் காப்பீடு எப்படிச் சேர்ப்பது?" என்று வாய் திறந்து கேட்க வேண்டும். சேர்த்த பிறகு அந்த வரி பேப்பரில் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். இது போக, ஓட்டுபவரின் பேங்க் கணக்கில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவைப் போட்டு வையுங்கள். வருசத்துக்கு 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம். சுமை ஏற்றி இறக்கப் போகும் ஆட்களும் போட்டுக்கொள்ளலாம். கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் விட்டுவிட்டால் அந்த வருசம் காப்பீடு இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

பின்னாடி ஏறி உட்காருகிறோமே

2022 ஏப்ரல் 2, யுகாதி நாள். நம் புதூர்நாட்டுப் பக்கம் புலியூரிலிருந்து சேம்பரை ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்துபோனார்கள். அந்த நாளை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. அதில் யார் தப்பு என்று பேச வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் நாம் சரக்கு வண்டியின் பின்னால் ஏறித்தான் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் சந்தைக்கும் போகிறோம். பஸ் நேரத்துக்கு இல்லை என்பதும் உண்மைதான்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வோம். சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ, அவர் அனுப்பிய ஆளோ கூடப் போனால் அவர்களுக்குக் காப்பீடு உண்டு. 1994-ல் சட்டத்தைத் திருத்தி இதைச் சேர்த்தார்கள். ஆனால் சும்மா ஏறிப் போகிறவர்களுக்குக் கம்பெனி பணம் கொடுக்கக் கடமைப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் ஆஷா ராணி என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சில வழக்குகளில், கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று கோர்ட் சொல்வதுண்டு. அப்படி வந்தாலும் கடைசியில் அந்தக் கடன் வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும். அந்தப் பெயர் நம் பெயர்.

அதனால் வண்டி வைத்திருக்கும் சகோதரிகள் பையனிடமும் கணவரிடமும் கறாராகச் சொல்ல வேண்டும். நம் சொந்தக்காரர்களையே ஏற்றமாட்டேன் என்று சொல்வது கஷ்டம்தான். கோவிலுக்குக் கூட்டமாகப் போவதாக இருந்தால் எல்லோரும் பணம் போட்டுப் பயணிகள் வண்டி பிடிப்போம்.

நெருப்பு எங்கே இருந்து வருது?

டீசல் வண்டி அவ்வளவு சீக்கிரம் எரியாது என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். பெட்ரோல் மாதிரி டீசல் சட்டென்று பற்றாது என்பது சரிதான். ஆனால் நெருப்பு பெரும்பாலும் வயரில் ஆரம்பிக்கிறது. வண்டி வாங்கிய புதிதில் கலர் விளக்கு, பெரிய ஹாரன், பாட்டுப் பெட்டி என்று மாட்டுகிறார்கள். தெருவோர எலக்ட்ரீசியன் கம்பெனி வயரை வெட்டி அதில் ஒட்டுப் போடுகிறார். பாரம் தாங்காமல் ஃபியூஸ் போனால், ஃபியூஸுக்குப் பதிலாக ஒரு கம்பியை முறுக்கி வைக்கிறார். ஃபியூஸ் என்பதே வயர் சூடாவதற்கு முன் தான் அறுந்து வண்டியைக் காப்பாற்றத்தான். அதை எடுத்துவிட்டால் அப்புறம் வயர்தான் எரிய வேண்டும். நம் உறுப்பினரின் வண்டியிலும் இதுதான் நடந்திருக்கும் என்று மெக்கானிக் சொன்னார். இப்படி மாட்டியதைப் பாலிசியில் காட்டாமல் இருந்தால் பணம் கேட்கும்போது கம்பெனி அதையே காரணம் சொல்லும்.

பேட்டரி ஆடாமல் இறுக்கமாக இருக்கிறதா, டீசல் குழாய் கசிகிறதா, வயரை எலி கடித்திருக்கிறதா என்று வாரம் ஒரு நாள் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு ஓரம் வைக்கோல் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் எலி வரத்தான் செய்யும்.

அடுத்தது பிரேக். மலை இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவார்கள். வண்டி வேகமெடுக்க, பிரேக்கை மிதித்துக்கொண்டே வர, டிரம் பழுக்கக் காய்ச்சிய மாதிரி ஆகிவிடும். லைனர் கருகும், டயரிலிருந்து புகை வரும், கடைசியில் டயரே பற்றும். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்லிக் கொடுத்த பாடம். புகை வந்தால் ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து ஆறவிட வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

மூன்றாவது, வைக்கோல் லோடு. உயரமாக ஏற்றி, ஊருக்குள் தாழத் தொங்கும் கரண்ட் கம்பியில் உரசிப் பற்றிய வண்டிகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. எரியும் வண்டியை ஊருக்கு வெளியே ஓட்டிப் போய் நிறுத்திய டிரைவர்களைப் பற்றிப் பேப்பரில் படிக்கிறோம். தைரியம்தான், ஆனால் ஓட ஓடக் காற்றுப் பட்டு நெருப்பு வளரும் என்பதையும் நினைக்க வேண்டும். கம்பி லோடைத் தொட்டுக்கொண்டே இருந்தால் யாரும் வண்டியைத் தொடக்கூடாது, தண்ணீரும் ஊற்றக்கூடாது. ஓட்டுநர் உள்ளேயே இருப்பது நல்லது. நெருப்புப் பற்றி இறங்கியே ஆக வேண்டும் என்றால் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து விலகிப் போக வேண்டும்.

வண்டிக்குள் ஸ்டவ் வைத்துச் சமைப்பது, பெட்ரோல் கேன் எடுத்துப் போவது, லோடு மேல் உட்கார்ந்து பீடி பிடிப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பற்றிவிட்டால்

வண்டியை ஓரம் கட்டி, சாவியை அணைத்து, எல்லோரும் இறங்கித் தூரமாகப் போக வேண்டும். ஆட்கள் இறங்கிய பிறகுதான் மற்றது. 101 அல்லது 112-க்கு போன். டவர் இல்லாவிட்டால் ஒருவர் டவர் இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும். திருப்பத்தூரிலிருந்து தீயணைப்பு வண்டி மலை ஏறி வர நேரம் ஆகும். அதனால் முதல் இரண்டு நிமிசம் நம் கையில்தான்.

அந்த இரண்டு நிமிசத்துக்குத்தான் சீட்டுக்குப் பக்கத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பவுடர் தீயணைப்பான் வேண்டும். அதில் ஒரு சின்ன மீட்டர் இருக்கும். முள் பச்சையில் இருந்தால் சரி, சிவப்பில் இருந்தால் வெறும் டப்பா. பின்னைப் பிடுங்கி, சுடரின் மேலே அடிக்காமல் அடியில் பார்த்து அடிக்க வேண்டும். பானட்டுக்குள் புகை வந்தால் பானட்டை முழுசாகத் திறக்காதீர்கள். காற்று புகுந்து குப்பென்று எரியும். கொஞ்சமாகத் தூக்கி இடுக்கு வழியாக அடிக்க வேண்டும். எண்ணெய் எரிந்தால் தண்ணீர் ஊற்றாமல் மண்ணை அள்ளிப் போடுங்கள். டப்பா தீர்ந்தும் அணையவில்லை என்றால் விட்டுவிட்டு விலகுங்கள். கேபினில் இருக்கும் பணப்பைக்காக மறுபடி உள்ளே போகவே கூடாது.

எரிந்த பிறகு

அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் செய்து, புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். சர்வேயர் வந்து பார்க்கும் வரை வண்டியைப் பிரிக்கக்கூடாது. ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றால் போலீஸ் சொன்னபடி நகர்த்தலாம், ஆனால் முதலில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். போலீஸ் ஸ்டேசனில் புகார் கொடுத்து ரசீது, தீயணைப்பு நிலையத்தில் தீ விபத்துச் சான்று, இரண்டும் வேண்டும். ஆர்.சி., எஃப்.சி., லைசென்ஸ், பாலிசி ஆகியவற்றின் நகலை வீட்டிலும் ஒரு செட் வையுங்கள். வண்டியோடு பேப்பரும் எரிந்துவிட்டால் அலைச்சல் இரண்டு மடங்கு. கைபேசியில் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ், எஃப்.சி. எதுவரை இருக்கிறது என்று தெரியும். ஏஜெண்டு கொடுத்த பேப்பர் நிஜமா போலியா என்பதற்கும் இது உதவும்.

எஃப்.சி. முடிந்திருந்தால், பாலிசி ஒரு நாள் விட்டுப் போயிருந்தால், லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் கம்பெனி மறுக்கும். லைசென்ஸ் விசயத்தில் ஒரு நல்ல செய்தி. கார் ஓட்டும் லைசென்ஸை வைத்துச் சரக்கு வண்டி ஓட்டினார் என்று சொல்லிப் பல பேருக்குப் பணத்தை மறுத்துவந்தார்கள். 7,500 கிலோ வரை உள்ள வண்டியை அந்த லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பிக்கப்பும் குட்டி யானையும் இதற்குள் அடங்கும். இந்தக் காரணத்தைச் சொல்லி மறுத்தால் தீர்ப்பை எடுத்துக்காட்டிக் கேளுங்கள்.

மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். ஒரு வருசத்துக்குள் எழுத வேண்டும். காப்பீட்டு ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம்.

அடுத்த கூட்டத்துக்கு

பேப்பர் கொண்டு வராதவர்கள் இந்தத் தடவை கொண்டு வாருங்கள். குழுவாக உட்கார்ந்து இவற்றைப் பாருங்கள்: பாலிசி மூணாம் நபரா, ஃபுல்லா? எந்தத் தேதி முடிகிறது? ஐ.டி.வி. எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு? ஆர்.சி. யார் பேரில், ஓட்டுவது யார், அவருக்கு என்ன காப்பீடு? எஃப்.சி. எதுவரை? சீட்டுக்குப் பக்கத்தில் டப்பா இருக்கிறதா, முள் எந்த நிறத்தில் நிற்கிறது?

தீயணைப்பான் வாங்க வேண்டியவர்கள் பெயரைக் குழுத் தலைவியிடம் கொடுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் விலை பேசலாம். பழைய டப்பா ஒன்று கிடைத்திருக்கிறது. அன்றைக்கு வெளியே குப்பையைக் கொளுத்தி, எல்லோரும் ஒரு தடவை அடித்துப் பார்ப்போம். ஓட்டுகிற பையன்களையும் கூட்டி வாருங்கள்.